கிரியாட்டினின் 1.1 - யாருடைய 1.1?

ஊரிலிருந்து அம்மாவோ அப்பாவோ போன் செய்து, "ப்ளட் டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சுப்பா, கிரியாட்டினின் 1.1, நார்மல்னு போட்டிருக்கு" என்று சொல்வார்கள். நாம் இங்கே போபாலிலோ புனேயிலோ ஆபீஸ் வராந்தாவில் நின்றபடி "அப்பாடா" என்று போனை வைப்போம். வெளியூரில் வேலை பார்க்கும் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். இந்தப் பதிவு அந்த 1.1 பற்றியது. அந்த எண் எங்கே பிறந்தது, அதை வைத்து சிறுநீரகத்தை எடை போட ஆரம்பித்தது யார், எந்த ஊர் உடம்புகளை அளந்து கணக்கு போட்டார்கள் என்ற பழைய கதை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்து இருபது வருடத்துக்கு மேலாக வங்கியில் குப்பை கொட்டுகிறவன். ஆனால் பாருங்கள், கிரியாட்டினின் விவகாரம் அடிப்படையில் ஒரு பற்று வரவு கணக்கு. அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு ருசி.

நம் தசைகளில் கிரியாட்டின் என்று ஒரு பொருள் இருக்கிறது. 1832-ல் பிரான்சின் ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞர் இறைச்சிச் சாற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். தசை வேலை செய்யச் செய்ய அதில் ஒரு சிறு பங்கு தினமும் கழிவாக மாறுகிறது. அந்தக் கழிவுக்கு 1847-ல் கிரியாட்டினின் என்று பெயர் வைத்தவர் ஜெர்மனியின் லீபிக். கழிவு ரத்தத்தில் கலக்கிறது, சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளுகிறது. அவ்வளவுதான்.

இப்போது வங்கி பாஷைக்கு வருவோம். தசை போடுவது டெபாசிட். சிறுநீரகம் எடுப்பது வித்டிராயல். ரத்தத்தில் நாம் அளப்பது க்ளோசிங் பேலன்ஸ். ஒருவர் கணக்கில் மாதக் கடைசியில் 11,000 ரூபாய் இருக்கிறது என்று மட்டும் சொன்னால், அவர் செலவாளியா சிக்கனக்காரரா என்று உங்களால் சொல்ல முடியுமா? மாதம் எவ்வளவு வரவு என்று தெரிய வேண்டாமா? கிரியாட்டினினும் அப்படித்தான். பயில்வானுக்குத் தசை அதிகம், வரவு அதிகம். எழுபத்தைந்து வயதுப் பாட்டிக்குத் தசை குறைவு, வரவும் குறைவு. இருவருக்கும் பேலன்ஸ் 1.1 என்றால், பாட்டியின் சிறுநீரகம் பயில்வானுடையதைவிட மிகக் குறைவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். இந்த எளிய விஷயத்தை மருத்துவ உலகம் எண்களில் பிடிக்க நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

கிரியாட்டினினுக்கு முன்னால் யூரியாதான் ராஜா. 1821-ல் பிரெவோ, டூமா என்ற இருவர் விலங்குகளின் சிறுநீரகங்களை அகற்றிவிட்டுப் பார்த்தபோது ரத்தத்தில் யூரியா ஏறியது. 1827-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட் சிறுநீரக நோயைப் பற்றி எழுதிய புத்தகம் வந்தது. அதன் பிறகு ரத்த யூரியாவைப் பார்ப்பது வழக்கமானது. இன்றும் பார்க்கிறோம். ஆனால் கறி அதிகம் சாப்பிட்டால், குடலில் ரத்தக் கசிவு இருந்தால், உடம்பில் நீர் வற்றினால் யூரியா ஏறும். கல்லீரல் கெட்டால் இறங்கும். நம்பகமில்லாத சாட்சி.

1886-ல் கோனிக்ஸ்பர்க் நகரில் மாக்ஸ் யாஃபே என்பவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். (ஏழு பாலங்கள் கணக்குப் புதிர் படித்திருப்பீர்களே, அதே ஊர். இன்று ரஷ்யாவின் கலினின்கிராட்.) கிரியாட்டினின் உள்ள திரவத்தில் பிக்ரிக் அமிலமும் காரமும் சேர்த்தால் ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறம் வருகிறது. பிக்ரிக் அமிலம் வெடிமருந்தாகவும் பயன்பட்ட சமாச்சாரம். யாஃபே இதை அளவெடுக்கும் முறையாக ஆக்கவில்லை. அதைச் செய்தவர் ஓட்டோ ஃபோலின்.

ஃபோலின் நம்ம ஜாதி. அதாவது பிழைக்கப் போன ஜாதி :-) ஸ்வீடனில் பிறந்து பதினைந்து வயதில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர். நிறம் எவ்வளவு அடர்த்தி என்று ஒப்பிட்டுச் சிறுநீரில் கிரியாட்டினினை அளக்கும் வழியை 1904-ல் கொடுத்தார். அடுத்த வருடமே இன்னொன்றும் சொன்னார். இறைச்சி இல்லாத சாப்பாட்டில், புரதத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒரு மனிதர் தினமும் வெளியேற்றும் கிரியாட்டினின் ஏறக்குறைய மாறுவதில்லை. ஆளுக்கு ஆள்தான் மாறுகிறது. மொத்தக் கதையின் சாவி இங்கேதான் இருக்கிறது: வரவு ஒவ்வொருவருக்கும் நிலையானது, ஆனால் ஒவ்வொருவருக்கும் வேறு.

யாஃபே முறை இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. மலிவு என்பதால் நம் ஊர் லேப்கள் பலவற்றில் அதுதான். அதில் ஒரு வம்பு உண்டு. பிக்ரிக் அமிலம் கிரியாட்டினினோடு மட்டும் நிறம் காட்டுவதில்லை. குளுக்கோஸ், புரதம், சர்க்கரை நோய் முற்றி ரத்தத்தில் கீட்டோன் ஏறியிருப்பவர்களின் அசிட்டோ அசிட்டேட், சில செஃபலோஸ்போரின் ஆன்டிபயாடிக்குகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நிறம் கொடுக்கும். கள்ள ஓட்டு மாதிரி. மஞ்சள் காமாலைக்காரருக்கு நேர் எதிர். பிலிருபின் நிறத்தைக் குறைத்துக் காட்டும். இதைச் சரிப்படுத்த என்சைம் முறை வந்தது. 2006 வாக்கில் எல்லா லேப்களின் அளவையும் ஒரே தரக்கோலுக்குக் கொண்டுவரும் வேலை அமெரிக்காவில் தொடங்கிப் பிற நாடுகளுக்கும் பரவியது. அதற்கு முன் ஒரே ரத்தத்தை இரண்டு லேப்பில் கொடுத்தால் இரண்டு விடை வருவது சகஜம்.

நிறம் அளப்பது ஒரு பக்கம். சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்த நீரை வடிகட்டுகிறது என்பதுதான் உண்மையான கேள்வி. இதைத்தான் ஜி.எஃப்.ஆர். என்கிறார்கள். 1926-ல் கோபன்ஹேகனில் ரேபர்க் என்ற உடலியல் ஆய்வாளர், ரத்தத்தில் இயல்பாக இருக்கும் கிரியாட்டினின் அளக்க முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கிறதே என்று, தானே கிரியாட்டினினைக் கரைத்துக் குடித்து, ரத்தத்தையும் சிறுநீரையும் அளந்து கணக்கு போட்டார். அந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்களுக்குத் தன் உடம்புதான் முதல் லேப். 1935 வாக்கில் அமெரிக்காவில் ஹோமர் ஸ்மித்தும் ரிச்சர்ட்ஸும் தனித்தனியே இன்யூலின் என்ற தாவரச் சர்க்கரையை நரம்பில் ஏற்றி அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். துல்லியத்தில் இன்றும் அதுதான் உரைகல். ஆனால் மணிக்கணக்கில் படுக்க வைத்து, ட்ரிப் ஏற்றி, அடிக்கடி சிறுநீர் பிடித்து... ஓ.பி. வரிசையில் நிற்கும் முந்நூறு பேருக்கு யார் செய்வது?

நடுவில் ஒரு சின்ன எண். ரிப்போர்ட்டில் "1.73 சதுர மீட்டருக்கு" என்று போட்டிருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? 1928-ல் வான் ஸ்லைக்கும் அவருடைய சகாக்களும் சின்ன ஆள், பெரிய ஆள் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க ஓர் அளவு தேடினார்கள். ஆயுள் காப்பீட்டுக்காரர்கள் வைத்திருந்த உயரம்-எடை அட்டவணையிலிருந்து 25 வயது அமெரிக்க ஆண், பெண்களின் சராசரி உடல் பரப்பை எடுத்தார்கள். அதுதான் 1.73. கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து நம்ம ஊர்ப் பாட்டியின் ரிப்போர்ட்டிலும் அந்த அமெரிக்க இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி சூத்திரங்களின் காலம். 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் பிடித்து வைப்பது யாருக்கும் சரியாக வராது. பாதி பேர் ஒரு வேளையை மறந்துவிடுவார்கள். சிறுநீரே வேண்டாம், ரத்தம் மட்டும் போதும் என்று ஒரு கணக்கை 1976-ல் கனடாவின் காக்ராஃப்டும் கால்ட்டும் வெளியிட்டார்கள். 140-லிருந்து வயதைக் கழி, எடையால் பெருக்கு, கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி அதைக் கொண்டு வகு. மனக்கணக்காகவே போடலாம். நம் இரண்டு 1.1-களுக்கும் போட்டுப் பார்ப்போம். 30 வயது, 75 கிலோ இளைஞருக்கு நிமிடத்துக்கு 104 மில்லி. 75 வயது, 45 கிலோ பாட்டிக்கு 37. பெண் என்பதால் 15 சதவீதம் குறைத்தால் 31. ஒரே 1.1. இங்கே 104, அங்கே 31!

அந்த ஆய்வில் இருந்தது 249 பேர், 18 முதல் 92 வயது வரை. பெரும்பாலும் ஆண்கள். சூத்திரத்தையே அவர்கள் ஆண்களுக்கானது என்றுதான் சொன்னார்கள். பெண்களுக்கான 15 சதவீதக் கழிவு அந்த அளவெடுப்பிலிருந்து வந்ததல்ல, தசை குறைவு என்ற ஊகத்தில் போட்ட தள்ளுபடி. அதை வைத்துத்தான் உலகம் முழுக்கப் பெண்களுக்குப் பல வருடம் மருந்தளவு முடிவானது. அதே 1976-ல் குழந்தைகளுக்கு ஷ்வார்ட்ஸ் என்பவர் உயரத்தை வைத்து ஒரு கணக்கு கொடுத்தார். குழந்தைக்கு எடையை விட உயரம்தான் தசையைச் சொல்லும். அதை 2009-ல் புதிய லேப் அளவுகளுக்கு ஏற்பத் திருத்தினார்கள்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. மெட்ஃபார்மின் எத்தனை வீட்டில் ஓடுகிறது! அமெரிக்காவில் 2016 வரை அந்த மாத்திரையின் விதி வெறும் பேலன்ஸை வைத்துத்தான் இருந்தது: ஆணுக்கு 1.5, பெண்ணுக்கு 1.4, அதற்கு மேல் போனால் கொடுக்காதே. நம் 1.1 பாட்டி தாராளமாகப் பாஸ். 2016-ல் விதியை மாற்றி, ரத்தத்திலிருந்து மதிப்பிட்ட ஜி.எஃப்.ஆரைப் பார், 30-க்குக் கீழே போனால் கொடுக்காதே என்றார்கள். அதே விதி மாற்றத்தால், தசை நிறைந்த பல ஆண்களுக்கு வீணாக மறுக்கப்பட்டிருந்த மாத்திரை திரும்பக் கிடைத்தது. பழைய விதி இரண்டு பக்கமும் தப்பு செய்திருந்தது.

1999-ல் ஆண்ட்ரூ லீவி குழுவின் எம்.டி.ஆர்.டி. சூத்திரம் வந்தது. புரதம் குறைந்த உணவு சிறுநீரகத்தைக் காக்குமா என்று பார்க்க நடந்த ஓர் அமெரிக்க ஆய்வில் இருந்த 1,628 பேரின் கணக்கு. எல்லோரும் ஏற்கெனவே சிறுநீரக நோயாளிகள். இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை. (சிறுநீரகம் கெடுவதற்கு முக்கியக் காரணமே சர்க்கரை!) வாராக்கடன் கணக்குகளை மட்டும் வைத்து ஒரு மதிப்பீட்டு முறை செய்துவிட்டு, அதை ஒழுங்காகத் தவணை கட்டுபவர்களுக்கும் போட்டால் என்ன ஆகும்? 60-க்கு மேல் அது தடுமாறியது, ஆரோக்கியமானவர்களையும் நோயாளிப் பட்டியலில் தள்ளியது. 2002-ல் அமெரிக்க விதிமுறை ஒன்று ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று வரையறுத்தது. நம் ரிசர்வ் வங்கியின் 90 நாள் என்.பி.ஏ. விதி 2004 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மருத்துவர்களும் அதே 90 நாளில் வந்து நின்றதைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

அந்தச் சூத்திரத்தில் இன்னொரு விஷயம் ஒளிந்திருந்தது. நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை ஏறக்குறைய 1.2-ஆல் பெருக்க வேண்டும். அவர்களுக்குத் தசை அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணம். 2009-ல் வந்த அடுத்த சூத்திரத்திலும் 1.159 என்று தொடர்ந்தது. விளைவு என்ன தெரியுமா? அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் காத்திருப்புக் காலம் சேர ஜி.எஃப்.ஆர். 20-க்கு இறங்க வேண்டும். ஒரே வயது, ஒரே கிரியாட்டினின், ஆனால் வெள்ளைக்காரருக்கு 19 என்றும் கறுப்பினத்தவருக்கு 23 என்றும் ரிப்போர்ட் வரும். முன்னவர் வரிசையில் சேர்ந்துவிடுவார். பின்னவர் இன்னும் கெட்டுப்போகும் வரை வெளியே நிற்க வேண்டும். கடன் மனுவில் விண்ணப்பதாரரின் தோல் நிறத்துக்கு ஒரு கட்டம் போட்ட மாதிரி.

மாணவர்களும் மருத்துவர்களும் பல வருடம் போராடிய பின், 2021-ல் இனக் கட்டம் இல்லாத புதிய சூத்திரம் வந்தது. 2022-ல் மாற்று உறுப்பு அமைப்பு பழைய முறையைத் தடை செய்தது. 2023 ஜனவரியில் இன்னொரு படி மேலே போய், பழைய கணக்கால் நேரம் இழந்த கறுப்பின நோயாளிகளுக்கு அந்தக் காத்திருப்புக் காலத்தைத் திருப்பி வரவு வைக்கச் சொன்னது. 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அப்படி நேரம் திரும்பக் கிடைத்தது. தவறான என்ட்ரியை ரிவர்ஸ் செய்து, பின் தேதியிட்டு வரவு வைப்பது எங்களுக்குப் பழக்கம். ஒரு நாட்டின் மருத்துவத்துறை அதைச் செய்தது என்பது சாதாரண விஷயமில்லை. காத்திருப்பிலேயே போய்ச் சேர்ந்தவர்களுக்கு அந்த வரவு போய்ச் சேராது, அது வேறு.

சரி, நாம் எங்கே இருக்கிறோம்? இந்தச் சூத்திரங்கள் எதையும் செய்தபோது நம்மவர்கள் அந்தக் கூட்டத்தில் அநேகமாக இல்லை. ஜப்பான்காரர்கள் 2009-ல் தங்கள் மக்களை இன்யூலினால் அளந்து சொந்தச் சூத்திரம் செய்துகொண்டார்கள். கராச்சியில் 2014-ல் ஒரு திருத்தக் காரணி வெளியிட்டார்கள். இந்தியாவில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வு, சிறுநீரக தானம் கொடுக்க முன்வந்த ஆரோக்கியமான இந்தியர்களின் சராசரி ஜி.எஃப்.ஆரே 81.4-தானா என்று தலைப்பிலேயே கேட்டது. மேலைநாட்டுப் புத்தகங்கள் இளைஞர்களுக்கு நூறுக்கு மேல் என்று சொல்லும். 2018-ல் சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் தானம் தருபவர்களையும் நோயாளிகளையும் இன்யூலினால் அளந்து, புழக்கத்தில் உள்ள கிரியாட்டினின் சூத்திரங்களோடு ஒப்பிட்டார்கள். சூத்திரங்கள் இந்தியர்களின் சிறுநீரகத்தை உள்ளதை விட நன்றாக இருப்பதாகக் காட்டுகின்றன என்று முடிவு. தசை குறைவு, சாப்பாட்டில் புரதம் குறைவு, பலர் சைவம். டெபாசிட் குறைவாக இருப்பதால் பேலன்ஸ் அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

வேலூர் சி.எம்.சி.யில் 1971-ல் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது முதல், இங்கே உயிரோடு இருக்கும் உறவினர்கள்தான் பெரும்பாலும் தானம் தருகிறார்கள். அதிலும் அம்மாக்களும் மனைவிகளும் அதிகம். ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு தாயின் ஒற்றைச் சிறுநீரகம் மிச்ச ஆயுளுக்குத் தாங்குமா என்ற கேள்வியை ஒரு சூத்திரத்திடம் விட முடியுமா? அதனால்தான் பெரிய மருத்துவமனைகளில் தானம் தருபவர்களுக்கு ரத்த டெஸ்ட்டோடு நிறுத்தாமல் டி.டி.பி.ஏ. ஸ்கேனும் எடுக்கிறார்கள்.

தசையை நம்பாத ஒரு சாட்சியும் இருக்கிறது. பெயர் சிஸ்டாட்டின் சி. 1961-ல் மூளைத் தண்டுவட நீரிலும் சிறுநீரிலும் கண்ணில் பட்ட ஒரு குட்டிப் புரதம். என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் இருபது வருடம் கிடந்தது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஆண்டர்ஸ் க்ரப்பும் சகாக்களும் 1982-ல் அதன் அமைப்பை முழுவதும் கண்டுபிடித்து, 1985-ல் சிறுநீரகத்தை அளக்க இதைப் பயன்படுத்தலாம் என்றார்கள். உட்கரு உள்ள எல்லா செல்களும் ஏறக்குறைய ஒரே சீராக இதைச் சுரக்கின்றன. பயில்வானோ பாட்டியோ, வரவு கிட்டத்தட்ட ஒன்றே. கறி சாப்பிட்டால் ஏறாது. இதற்கும் பலவீனம் உண்டு: தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மாத்திரை, உடல் பருமன், புகைப்பழக்கம், உடம்பில் அழற்சி எல்லாம் இதை அசைக்கும். இரண்டு சாட்சிகளும் வேறு வேறு விதத்தில் தவறு செய்வதால், இரண்டையும் சேர்த்த சூத்திரம் தனித்தனியை விட உண்மைக்கு நெருக்கமாக வருகிறது. 2024-ல் உலகச் சிறுநீரக வழிகாட்டுக் குழுவான கே.டி.ஐ.ஜி.ஓ., சிஸ்டாட்டின் சி கிடைக்கும் இடத்தில் இரண்டையும் சேர்த்து மதிப்பிடச் சொன்னது. கிடைக்கும் இடத்தில் என்ற சொல்லில்தான் நம் பாடு. சாதாரண ஹெல்த் செக்கப் பேக்கேஜில் இது வராது, தனியாகக் கேட்க வேண்டும், கிரியாட்டினினை விட விலையும் பல மடங்கு.

யாருக்குக் கேட்கலாம் என்றால், தசை வழக்கத்துக்கு மாறாக இருப்பவர்களுக்கு. படுத்த படுக்கையில் இருப்பவர்கள், காலை இழந்தவர்கள், கல்லீரல் நோயில் கை கால் மெலிந்தவர்கள், மறுபக்கம் ஜிம்மில் கிரியாட்டின் பவுடர் கலக்கிக் குடிக்கும் பையன்கள். பையனுக்கு 1.4 என்று வந்து வீடே கலங்கும், அவன் சிறுநீரகம் நன்றாகவே இருக்கலாம். கர்ப்பிணிகள் தனிக் கதை. அவர்களுக்கு வடிகட்டும் வேலை பாதியளவு கூடிவிடுவதால் கிரியாட்டினின் 0.4, 0.5 என்று இறங்கும். லேப் தாளில் நார்மல் என்று அச்சாகும் 1.0, ஏழு மாதக் கர்ப்பிணிக்கு நார்மல் அல்ல. எந்தச் சூத்திரமும் அவர்களுக்குப் பொருந்தாது.

அம்மாவின் அடுத்த ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வரும்போது 1.1-ஐ மட்டும் பார்க்காமல், கீழே ஜி.எஃப்.ஆர். போட்டிருக்கிறதா, எந்த வருடத்துச் சூத்திரம் என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் 45 கிலோ பாட்டிக்கு 2021 சூத்திரம் 52 என்று சொல்லும், 1976 சூத்திரம் 31 என்று சொல்லும். முதலாவது 1.73 சதுர மீட்டர் ஆளுக்கு, இரண்டாவது அவருடைய சொந்த எடைக்கு. இதை வைத்து நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாக்டரிடம் போகும்போது அம்மாவின் எடையையும், மூன்று மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டையும், சிறுநீரில் ஆல்புமின் பார்த்த தாளையும், மூட்டு வலிக்கு அவ்வப்போது கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரையின் அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த அட்டையைத்தான் எல்லா அம்மாக்களும் காட்ட மறந்துவிடுகிறார்கள்.